யாழ்ப்பாணத்தில் அமெரிக்கப் பெயர்கள்

சென்ற மாரியில், முற்றத்து வெள்ளம் வடியாதிருந்த ஒரு நாட்காலை, செருமனி தேசத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவன் என் தமக்கையாரின் பேரன். வயது பதினைந்து. தமிழ் எழுத்து அவன் கையிற் சிறிது தள்ளாடும். எனினும் பிறர் துணையின்றித் தானே எழுதியிருந்தான்.

அவன் வகுப்பு ஆசிரியர் மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறார். தத்தம் குடும்பப் பெயர் எங்கே தோன்றியது, அதன் பொருள் யாது, இன்று அப்பெயருடையார் எத்துணைப் பேர், அவர்கள் எப்பகுதியில் மிகுதியாக வாழ்கின்றனர் என்பவற்றை ஆராய்ந்து எழுதி வரவேண்டும். அவன் பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் பெயர் முல்லர். மாவரைக்கும் ஆலைக்காரன் என்பது அதன் பொருள். (மாக்ஸ் முல்லர் என்னும் பேரறிஞரின் பெயருக்கும் இதுவே பொருள் என்பதை நம்மிற் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.) இன்னொரு பிள்ளை சிமித், கொல்லன் வழி வந்தவன். மற்றொருத்தி சினைடர், தையற்காரன் வழி வந்தவள். இவர்கள் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்துவிட்டது. தொலைபேசி விவரத் திரட்டைக் கொண்டு எந்த நகரில் எத்தனை முல்லர் என்று படம் வரைந்து காட்டிவிட முடிகிறதாம்.

நம் பேரனின் நிலை அப்படியன்று. அவனுடைய குடும்பப் பெயர் தமிழ்ப் பெயருமன்று, செருமானியப் பெயருமன்று. அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால், அமெரிக்காவின் வடகீழ்க் கரையிலே வழங்கும் பெயர். அதனை இங்கே எழுதி ஒரு குடும்பத்தாரைச் சபைக்கு இழுப்பது முறையன்று; ஆதலின் விட்டுவிடுகிறேன். கறுத்த முகமும், வீட்டிலே தமிழும், பள்ளியிலே செருமானிய மொழியும், ஏட்டிலே ஓர் அமெரிக்கப் பெயருமாக நிற்கும் பிள்ளையைப் பார்த்து வகுப்பிற் சிலர் சிரித்திருக்கின்றனர். கடிதத்தின் முடிவில் அவன் எழுதியிருந்த கேள்வி என் மனத்தைத் தொட்டது. "தாத்தா, இது எங்கள் பெயர்தானா? அல்லது யாரிடமோ இரவல் வாங்கியதா? அப்பா இதை மாற்றப்போகிறேன் என்கிறார்."

செருமனியிலே குடும்பப் பெயரை நினைத்தபடி மாற்றிவிட இயலாது. தக்க காரணம் காட்டி அரசாங்கத்துக்கு விண்ணப்பித்தல் வேண்டும். ஆதலால் அவன் தகப்பனுக்கும் ஒரு மறுமொழி தேவையாயிருந்தது. நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து மானிப்பாய், சண்டிலிப்பாய், சங்கானை வழியாகக் காரைநகருக்குச் செல்லும் பேருந்தில் ஏறினால் வட்டுக்கோட்டையில் இறங்கலாம். வழியெல்லாம் வயல், மாரி காலமாதலின் நீர் நிறைந்திருந்தது. வட்டுக்கோட்டைச் சந்தியிலிருந்து சிறிது நடந்தால், யாழ்ப்பாணக் கல்லூரியும் அதனை அடுத்துப் பழைய கற்கோயில் ஒன்றும் தோன்றும். போர்த்துக்கேயர் காலத்தில் எழுந்து, ஒல்லாந்தர் கைக்கு மாறி, பின்னர்ப் பாழடைந்து கிடந்த தேவாலயம் அது. 1947 ஆம் ஆண்டு முதல் தென்னிந்திய திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்குத் தலைமை ஆலயமாக விளங்குகிறது. அதன் சுவரின் தடிப்பைக் கண்டவர், வெயிற்காலத்திலும் உள்ளே குளிர்ந்திருப்பதன் காரணத்தைக் கேட்கமாட்டார்.

இவ்விடத்திலேதான் நம் பெயர்க் கதை தொடங்குகிறது.

1810 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை நிலைக்களமாகக் கொண்டு ஒரு மிசன் சங்கம் தோன்றிற்று. அச்சங்கத்தார் அனுப்பிய போதகர்கள் 1815 இல் நியூபரிபோர்ட் துறையிலே கப்பலேறி, 1816 இல் கொழும்பு வந்து சேர்ந்தனர். தேசாதிபதி பிரவுன்றிக் அவர்களை யாழ்ப்பாணத்திற் பணிபுரிய அனுமதித்தார். தெல்லிப்பழையும் வட்டுக்கோட்டையும் முதல் நிலையங்கள். பின்னர் உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகியனவும் சேர்ந்தன. 1823 இல் வட்டுக்கோட்டையில் உயர்கல்விக் கழகம் ஒன்றை நிறுவினர். அதனைச் "செமினரி" என்று நம் முன்னோர் வழங்கினர். அடுத்த ஆண்டு உடுவிலிலே பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி எழுந்தது.

விடுதியில் வைத்துப் பிள்ளைகளுக்கு உணவும் உடையும் புத்தகமும் கொடுப்பதற்குப் பணம் வேண்டும். அதற்கு மிசனார் கண்ட வழி மிக எளியது. அமெரிக்காவில் ஒருவரோ, ஒரு சபையோ, ஒரு மாதர் சங்கமோ ஆண்டுதோறும் ஒரு தொகை அனுப்பினால், யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்றின் செலவு நடக்கும். தொகை அனுப்புவோர் அப்பிள்ளைக்குத் தாம் விரும்பிய பெயரைச் சூட்டலாம். தாம் மதித்த போதகரின் பெயர், இறந்துபோன பெரியார் ஒருவரின் பெயர், சிலர் தம் சொந்தப் பெயர் என்று இவ்வாறு பெயர்கள் கடிதத்தில் வந்து சேர்ந்தன. பனங்கூடலுக்குள் விளையாடிக்கொண்டிருந்த வேலுப்பிள்ளையோ கந்தையாவோ பள்ளிக்கூட ஏட்டிலே வேறொரு பெயரோடு ஏறினான்.

இச்செய்தியை இன்று கேட்போர் இருவகையாகப் பேசுவர். "பெயரை விற்றுச் சோறு வாங்கினர்" என்பார் ஒருசாரார். "அன்னதானத்திலும் பெரிது வித்தியாதானம் அல்லவா, கொடுத்தவன் பெயரைச் சுமந்தால் என்ன?" என்பார் மற்றொரு சாரார். நம் ஊர்க் கோயில்களிலே தூணுக்குத் தூண் உபயகாரர் பெயர் வெட்டியிருக்கிறது. தூணுக்கு வாய் இல்லை; பிள்ளைக்கு வாய் உண்டு. வேறுபாடு அவ்வளவே என்று எனக்குத் தோன்றும். ஆனால் அப்பிள்ளைகள் வளர்ந்தபின் தம் வாயால் என்ன சொன்னார்கள், அப்பெயரை வைத்து என்ன செய்தார்கள் என்று பார்த்தாலன்றி எதுவும் முடிவு கட்டலாகாது.

1841 ஆம் ஆண்டு சனவரியில் "உதயதாரகை" என்னும் பத்திரிகை யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. இலங்கையிலே தமிழில் எழுந்த முதற் பத்திரிகை அதுவே. அதன் ஆசிரியர் இருவர் பெயரையும் பாருங்கள்: ஹென்றி மாட்டின், சேத் பேசன். வெள்ளையர் என்றே எவரும் எண்ணுவர். இருவரும் செமினரியிற் பயின்ற தமிழர். மூல ஹென்றி மாட்டின் இங்கிலாந்தின் கோண்வாலிற் பிறந்து, புதிய ஏற்பாட்டை உருதுவிலும் பாரசீகத்திலும் பெயர்த்து, 1812 இல் துருக்கி தேசத்திலே தோக்காத் என்னும் ஊரில் இறந்தவர். மூல சேத் பேசன் நியூ ஹாம்ப்சயர் மாகாணத்தில் ரிண்ச் என்னும் சிற்றூர்ச் சபையின் போதகர். இவர்களில் எவரும் யாழ்ப்பாணத்தை மிதித்ததில்லை. அவர்கள் இறந்து இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின், அவர்கள் பெயரில் இரு யாழ்ப்பாணத்தார் தமிழிலே தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தனர்!

அப்பத்திரிகையோடு பின்னாளிலே தொடர்புகொண்டவர் ஆணல்ட் சதாசிவம்பிள்ளை. 1820 இற் பிறந்தவர். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றைத் திரட்டிப் "பாவலர் சரித்திர தீபகம்" என்னும் நூலை 1886 இல் வெளியிட்டார். புலவர் சரித்திரம் எழுதப் புகுவோர் இன்றும் அந்நூலைத் தொடாமற் போக முடியாது. ஆணல்ட் என்பதும் சதாசிவம் என்பதும் ஒரு மனிதரின் பெயரில் அருகருகே அமர்ந்து சண்டையிடாமல் இருப்பதை நோக்குக.

சண்டையிட்ட இடமும் உண்டு. கறல் விசுவநாதபிள்ளை பெரிய கணித வித்துவான். பீசகணித நூல் எழுதியவர். மிசன் பக்கத்தில் நின்று சைவரோடு வாதப்போர் புரிந்த அவரே பிற்காலத்திற் சைவத்துக்குத் திரும்பினார். "கறல்" மட்டும் திரும்பவில்லை. சைவரான பின்னும், இறந்த பின்னும், இன்றும் அவர் கறல் விசுவநாதபிள்ளைதான். ஊர் வாய் ஒருமுறை பிடித்ததை எளிதில் விடாது.

அவரோடு கூடவே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியாகிய மற்றவர் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை. அவரும் வட்டுக்கோட்டை மாணாக்கர். வீரசோழியத்தை 1881 இலும், கலித்தொகையை 1887 இலும் ஏட்டிலிருந்து அச்சேற்றிய அப்பெருமகனை அறியாத தமிழர் இரார். அவர் சைவராக 1901 இல் மறைந்தார். ஆனால் அவர் மைந்தர் அழகசுந்தரம் கிறித்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்று விளங்கினார். அந்தக் கிங்ஸ்பெரி என்ன செய்தார்? பிலிப்ஸ் என்னும் ஆங்கிலேயரோடு கூடி, சைவ நாயன்மாரின் பாசுரங்களை ஆங்கிலத்திற் பெயர்த்து 1921 இல் நூலாக்கினார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிலே தமிழ் கற்பித்தார். அமெரிக்கப் பெயர் தாங்கிய தமிழர் ஒருவர் அப்பரையும் சம்பந்தரையும் ஆங்கிலேயருக்கு அறிமுகம் செய்துவைத்தார் என்றால், பெயரைக் கொண்டு ஆளை அளப்போர் சற்று நிதானிக்க வேண்டும்.

இன்னொன்று சொல்லி வைக்கிறேன். யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியின் தொடக்கமாகிய பட்டினத்து ஆங்கிலப் பாடசாலையை 1887 இல் தொடங்கியவர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை. "நியாய இலக்கணம்" என்று தர்க்க சாத்திரத்தைத் தமிழில் எழுதியவர். செமினரி ஏட்டில் அவர் பெயர் வில்லியம் நெவின்ஸ். இதே பெயருடைய போதகர் ஒருவர் அமெரிக்காவிற் பால்டிமோர் நகரில் வாழ்ந்து 1835 இல் இறந்தார். சிதம்பரப்பிள்ளையின் மைந்தர் நெவின்ஸ் செல்வத்துரை அதே இந்துக் கல்லூரிக்கு நெடுங்காலம் அதிபராயிருந்தார். சைவப் பிள்ளைகள் காலையிலே திருநீறணிந்து தேவாரம் பாடும் மண்டபத்தின் வரலாற்றில் ஒரு பிரெஸ்பித்தீரியன் போதகரின் பெயர் இரு தலைமுறையாக நிற்கிறது.

அறுவை வைத்தியத்திலே புகழ்பெற்று, சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதியாகவும் இருந்த அளவெட்டி டாக்டர் ராக்வுட் (1843–1909), தெல்லிப்பழைப் பக்கத்திலிருந்து சென்று 1948 இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய உலகத் திருச்சபை மாநாட்டில் தொடக்கப் பிரசங்கம் செய்த டி. தி. நைல்ஸ் (1908–1970) ஆகியோரையும் இங்கே நினைக்கலாம். மானிப்பாயிலே மருத்துவர் கிறீனிடம் பயின்று, மேலைநாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்க உதவியோருள்ளும் டான்போர்த், சப்மன் என்னும் பெயர்களைக் காண்கிறோம்.

உடுவிற் பெண்பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கும் இவ்வாறே அமெரிக்கப் பெயர்கள் வந்தன. ஆண் பெற்ற பெயர் மகனுக்கும் பேரனுக்கும் இறங்கிற்று. பெண் பெற்ற பெயர் அவளோடு நின்றது. உடுவில் ஆலயத்து மரநிழலில் நின்று இதனை எண்ணியபோது, நாம் தேடும் வரலாற்றிற் பாதி இவ்வாறே கரைந்துபோயிற்று என்ற வருத்தம் உண்டாயிற்று.

1855 ஆம் ஆண்டில் பாஸ்டனிலிருந்து வந்த தூதுக்குழு, தாய்மொழிக் கல்வியே மிசனின் வேலை என்று கருதியது. அவ்வாண்டே செமினரி மூடப்பட்டது. 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி என்று அது மறுபிறவி எடுத்ததாயினும், பெயர் வந்த பெருவாய்க்கால் அடைபட்டது அக்காலத்தில் எனலாம். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் வந்த பெயர்களே இன்றளவும் உள்ளன. அதற்கு முன்னரும் அந்நியப் பெயர் நமக்குப் புதிதன்று. 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் காலந்தொட்டு, கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் பெர்னாண்டோவும் குரூசும் வழங்கி வந்தன. ஆனால் அவை ஞானஸ்நானத்தோடு வந்த பெயர்கள். இவையோ பள்ளிச் சம்பளத்தோடு வந்தவை.

இனிப் பேரனின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். எத்தனை பேர்?

இங்கேதான் செருமனிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உள்ள வேறுபாடு நன்கு புலப்படுகிறது. செருமானியப் பட்டினங்களிற் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே தொழிலும் ஊரும் குடும்பப் பெயராக இறுகின. 1876 இல் பிறப்பு இறப்புப் பதிவு தேசம் முழுவதற்கும் பொதுவானபோது எழுத்தும் உறைந்துவிட்டது. நமக்கோ குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்து மகனுக்கு முன்னே நிற்கும். மகன் பெயரின் முதலெழுத்து பேரனுக்கு. இரண்டு தலைமுறையில் பாட்டன் பெயர் ஏட்டிலிருந்து மறைந்துவிடும். ஒரு கந்தையாவின் வழியினரை வாக்காளர் இடாப்பிலே தேடுதல் கடற்கரையில் ஒரு குறிப்பிட்ட சிப்பியைத் தேடுவது போலாகும்.

ஆகவே யாழ்ப்பாணத்தில் நாலைந்து தலைமுறை மாறாது ஓடிவந்த பெயர் எதுவென்று கேட்டால், அது பெரும்பாலும் இந்த இரவற் பெயராகவே இருக்கிறது. வந்த பெயர் வேரூன்றிவிட்டது. மண்ணிற் பிறந்த பெயர் தலைமுறைக்குத் தலைமுறை உதிர்கிறது.

அவ்வளவோடும் அமையவில்லை. 1983 க்குப் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் செருமனி, கனடா, பிரித்தானியா என்று சென்றனர். அங்குள்ள அலுவலகங்களில் "குடும்பப் பெயர்" என்றொரு கட்டம் உண்டு. அதனை வெறுமையாக விடமுடியாது. நம்மவர் தந்தை பெயரை அதில் எழுதினர். அன்றோடு அந்தத் தந்தையின் பெயர் உறைந்தது. அவர் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளும் இனி அப்பெயரே. பேரனின் வகுப்பில் இன்னொரு தமிழ்ப் பிள்ளை இருக்கிறானாம். அவன் குடும்பப் பெயர் அவனுடைய பாட்டனாரின் பெயர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் எழுதுவினைஞர் கட்டத்தில் பதிந்தது. வட்டுக்கோட்டையிலே மிசனார் ஏட்டில் நடந்த காரியமும் இதுவே. ஏடு வேறு, எழுதியவர் வேறு.

செமினரிப் பெயர்களை யாழ்ப்பாணத்திலேயே எண்ணிவிடலாம் என்று நான் முதலில் நினைத்தேன். இயலவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது சாம்பலானவை பல. 1990 இல் தெல்லிப்பழையும் அதன் சுற்றுப்புறமும் போரினால் வெறுமையாயின. பல்லாண்டு கழித்தே மக்கள் மீண்டனர். வீட்டுக் கூரையோடு வீட்டுப் பெட்டிகளும் போயின. மிசனார் பாஸ்டனுக்கு எழுதிய கடிதங்கள் ஹார்வர்டு பல்கலைக்கழகத்து ஹூட்டன் நூலகத்திலே பத்திரமாயிருக்கின்றன. நம் பிள்ளைகளின் பெயர் வரலாறு நம் ஊரில் எரிந்தும் அயலூரிற் பிழைத்தும் கிடக்கிறது.

எனவே அக்காவிடம் சென்றேன். அவர் மானிப்பாயில் இருக்கின்றார், எண்பத்தாறு வயது. அந்தக் குடும்பத்திலே வாழ்க்கைப்பட்டு வந்தவர். ஆயினும் அக்குடும்பத்து வரலாறு முழுவதும் அவர் தலையில். 1995 இல் வலிகாமத்தார் யாவரும் ஓரிரவிலே தென்மராட்சிக்குப் பெயர்ந்தபோது, நகையை விட்டாலும் காணி உறுதிகளை விடாமல் சீலையிலே முடிந்து கொண்டுபோனவர். அந்த முடிச்சை எனக்கு அவிழ்த்துக் காட்டினார்.

உள்ளே பழைய உறுதி ஒன்று இருந்தது. செமினரியிற் படித்த அந்த முதற்பாட்டனார் காணி வாங்கிய உறுதி. நொத்தாரிசு எழுதிய வாசகத்திலே அமெரிக்கப் பெயர் முதலில் வருகிறது. "என்னும்" என்ற சொல்லுக்குப் பின் அவருடைய தமிழ்ப் பெயரும், தகப்பனார் பெயரும், ஊரும் குறிச்சியும் வருகின்றன. கீழே கையொப்பம். ஆங்கிலம் நன்கறிந்த மனிதர். எனினும் தமிழில் ஒப்பமிட்டிருக்கிறார். அதில் அமெரிக்கப் பெயர் இல்லை. அவர் தமிழ்ப் பெயர் மட்டும், நேரான அழகிய எழுத்தில்.

"இதைப் படம் பிடிச்சு அவனுக்கு அனுப்பு" என்றார் அக்கா. அனுப்பினேன். எத்தனை பேர் என்ற கேள்வியையும் அவரிடமே வைத்தேன். இரண்டு நாள் எண்ணினார். விரலை மடக்கினார், விரித்தார், இரவிலே நினைவு வந்து காலையிற் சொன்னார். கொழும்பில் இத்தனை, இலண்டனில் இத்தனை, தொரந்தோவில் இத்தனை, சிட்னியில் ஒரு குடும்பம், செருமனியில் மூவர். கூட்டியபோது நாற்பத்து மூன்று. யாழ்ப்பாணத்தில் இருப்பவர் இருவர். அவ்விருவரில் ஒருவர் அக்கா.

பேரன் கட்டுரையை ஒப்புவித்துவிட்டு எழுதினான். பொருள் என்ற தலைப்பின் கீழ் உறுதியின் கையொப்பத்தை ஒட்டினானாம். எண்ணிக்கை என்ற தலைப்பின் கீழ், "தொலைபேசித் திரட்டில் மூவர், அப்பம்மாவின் கணக்கில் நாற்பத்து மூவர்" என்று எழுதினானாம். ஆசிரியர் அப்பம்மாவின் கணக்கையே ஏற்றுக்கொண்டார். தகப்பன் நிரப்பிவைத்த விண்ணப்பம் மேசை அறைக்குள் இருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை.

கடிதத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டிருந்தவர் இடையிலே கையை உயர்த்தி நிறுத்தினார். "பிழை. நாற்பத்து நாலு எண்டு திருத்தி எழுதச் சொல்லு. நேற்றுத் தொரந்தோவிலே பெட்டைக் குஞ்சு ஒண்டு பிறந்திருக்கு."